வேண்டாத வெளிச்சம்

எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு கமரா இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர். தெரிந்த அண்ணா ஒருவர் புதியது வாங்கினபோது தன் பழையதை எங்களுக்கு விற்றார். மூன்று பேரும் காசு போட்டு வாங்கினதால் 'ஆற்ற கமரா?' என்று யார் கேட்டாலும் 'எங்கட' என்றுதான் சொல்ல முடியும். இந்தக் கட்டுரையை 'நாங்கள்' என்று எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

அந்தக் கமராவுக்கு ஒரு பொலரைசர் பில்டர் வாங்கின கதை இது. பொலரைசர் எதற்கு என்று கேட்டால் படம் எடுக்கிற ஆக்கள் எல்லாரும் முதலில் சொல்வது வானம்தான். வானம் கடும் நீலமாக வரும், முகில் பஞ்சு மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நாங்கள் அதை வாங்கப் போனது இணுவிலில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிற படத்துக்காக.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு அது. ஹோலுக்குள் போனால் இடப்பக்கச் சுவரில், யன்னலுக்கு நேரெதிரே, ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்துச் சட்டம் போட்டது. படத்தில் இருப்பவர் அம்மம்மாவின் மூத்த மகன், எங்கள் சிநேகிதிக்குப் பெரிய மாமா. 1990இல் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர். அதற்கு மேல் அம்மம்மா சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவரின் படம் என்று அந்த வீட்டில் மிஞ்சினது இது ஒன்றுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அம்மம்மா இந்தப் படத்தைச் சட்டத்தோடு சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவ. அந்த இரவு பெய்த மழையைப் பற்றி எங்கள் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போய்ச் சேருவதற்குள் சீலை நனைந்து, சட்டத்துக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலற்றின். நனைந்தால் இளகும், காய்ந்தால் பசை மாதிரிப் பிடிக்கும். படம் அப்படியே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பினபிறகு இரண்டு ஸ்ரூடியோக்களில் காட்டினார்களாம். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "கழட்டினா முகம் கண்ணாடியோட வந்திடும்."

அதனால் அந்தச் சட்டத்தை ஒருவரும் திறந்ததில்லை. சுவரிலிருந்து இறக்கவும் அம்மம்மா விடமாட்டா. ஒருக்கா இறக்கினதுக்கே இப்பிடி ஆச்சு என்பது அவவின் கணக்கு. ஆனால் ஒவ்வொரு மாரியும் ஈரம் ஏறி, படத்தின் தோள் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூஞ்சணம் பரவிக்கொண்டிருக்கிறது. போன மாரி முடிய எங்கள் சிநேகிதி சொன்னாள்: "இன்னும் ரெண்டு மூண்டு வருசத்தில முகத்துக்கு வந்திடும். அதுக்கு முதல் ஒரு கொப்பி எடுக்கவேணும்."

எடுத்தால் போச்சு என்றுதான் முதலில் நினைத்தோம்.

போனில் எடுத்தோம். படத்தில் யன்னல் கம்பிகள் தெரிந்தன, முற்றத்து வாழை தெரிந்தது, போனைப் பிடித்திருக்கும் கையும் எங்கள் மூன்று தலைகளும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் எங்கோ மாமாவின் முகம். யன்னலைச் சாத்தினோம். அப்போது ரியூப் லைற் வெள்ளைக் கோடாக அவரின் நெற்றியில் விழுந்தது. லைற்றை அணைத்தால் ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்தது இந்தக் காலத்துக் குறுக்குவழி. பழைய படங்களைத் தெளிவாக்கித் தரும் ஏஐ செயலி ஒன்றில், போனில் எடுத்ததில் ஓரளவு நல்லதைப் போட்டோம். அரை நிமிடத்தில் வந்தது. யன்னல் கம்பி இல்லை, வாழை இல்லை, பூஞ்சணம் இல்லை. கண் இரண்டும் மினுங்க, தோல் மழமழவென்று ஒரு வடிவான இளைஞர். எங்களுக்கே கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனது. ஓடிப்போய்க் காட்டினோம்.

அம்மம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, போனை வாங்கி, தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் கனநேரம் பார்த்தா. பிறகு சொன்னா:

"வடிவாத்தான் இருக்கிறான். ஆனா, இது ஆற்ற பிள்ளை?"

அதோடு அந்தச் செயலியை அழித்துவிட்டோம். அது தெரியாத இடங்களை நிரப்பித் தருகிறது. எதை வைத்து நிரப்புகிறது? அது பார்த்த ஆயிரம் ஆயிரம் வேறு முகங்களை வைத்து. எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான ஒன்று. எதையும் சேர்க்காமல், மேலே கிடக்கும் வேண்டாத வெளிச்சத்தை மட்டும் எடுத்துவிடுகிற ஒன்று. அப்படித்தான் பொலரைசரில் வந்து நின்றோம்.

நாங்கள் மூன்று பேரும் கலைப்பிரிவு. பௌதிகவியலுக்கு எங்களுக்கு வாத்தியார், எங்களில் ஒருவனின் தம்பி. உயர்தரம் கணிதப் பிரிவு. அவன் எங்களைப் படலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஒரு கயிற்றைப் படலையின் நிமிர்ந்த சட்டங்களுக்கிடையால் விட்டு, ஒரு முனையைத் தூணில் கட்டினான். மற்ற முனையை மேலும் கீழுமாக ஆட்டினான். அலை சட்டங்களுக்கூடாகப் போய்த் தூணைத் தொட்டது. இடமும் வலமுமாக ஆட்டினான். அலை படலையோடு நின்றுவிட்டது.

"வெளிச்சமும் இப்பிடித்தான் அக்கா. சாதாரண வெளிச்சம் எல்லாத் திசையிலும் அதிரும். பொலரைசர் எண்டது படலை. ஒரு திசையில அதிருறதை மட்டும் விடும்."

தமிழில் இதை முனைவாக்கம் என்று படிக்கிறார்கள். கண்ணாடியில், தண்ணீரில், இலையில், நனைந்த தார் றோட்டில் சரிவாகப் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே திசையில் அதிருகிற வெளிச்சமாக மாறிவிடுகிறது. பொலரைசரைச் சுழற்றி, அந்தத் திசைக்குக் குறுக்கே நிறுத்தினால் தெறிப்பு அடைபடும். அதற்குப் பின்னால் இருப்பது தெரியும். உலோகத்தில் தெறிப்பது அப்படி மாறுவதில்லை. அதனால் குத்துவிளக்கின் பளபளப்பைப் பொலரைசரால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு யன்னல் கண்ணாடியில்தான் தொடங்குகிறது என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. 1808இல் பாரிஸில், எற்றியென் லூயி மாலுஸ் என்பவர், எதிரே இருந்த லக்ஸம்பேர்க் அரண்மனையின் யன்னல்களில் மாலைச் சூரியன் தெறிப்பதை ஒரு பளிங்குத் துண்டுக்கூடாகப் பார்த்தார். ஐஸ்லாந்துப் பளிங்கு எனப்படும் அது, எதையும் இரண்டிரண்டாகக் காட்டும். கையில் வைத்துச் சுழற்றினபோது இரண்டு சூரியன்களில் ஒன்று மங்கியது. இன்னும் சுழற்ற மற்றது மங்கியது. மாலுஸ் நெப்போலியனின் படையில் பொறியியலாளராக எகிப்துவரை போய் வந்தவர். 1812இல், 36 வயதில் இறந்துபோனார். 1815இல் டேவிட் புறூஸ்ரர் எந்தக் கோணத்தில் தெறித்தால் முழுமையாக முனைவாகும் என்ற விதியைச் சொன்னார். 1929இல் அமெரிக்காவில் எட்வின் லாண்ட் பளிங்குக்குப் பதிலாக மெல்லிய தாளிலேயே பொலரைசர் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற பில்டரின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருப்பது அந்த வழியில் வந்த தாள்தான்.

காசு சேர்த்தோம். 9,000 ரூபாய். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கமரா கடை. கடைக்கார அண்ணையின் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டோம்: "என்ன சைஸ், தம்பி?"

லென்ஸின் முன்பக்க விளிம்பில் ஒரு வட்டத்தைக் கோடு குறுக்கே வெட்டுகிற மாதிரி ஓர் அடையாளமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் பில்டரின் அளவு. எங்கட கிட் லென்ஸில் 58. எங்களிடம் இருக்கும் மற்ற லென்ஸ், 50 மில்லிமீற்றர், அதில் 49. லென்ஸின் பெயரில் வரும் 50க்கும் இந்த 49க்கும் சம்பந்தம் இல்லை. நாங்கள் அதில் குழம்பினோம். இரண்டுக்கும் இரண்டு பில்டர் வாங்கத் தேவையில்லை என்று அண்ணை சொன்னார். பெரியதற்கு வாங்கி, சின்னதில் மாட்ட ஒரு வளையம் போட்டால் போதும். வளையம் மலிவு. இந்த ஒரு புத்தியே எங்களுக்குப் பாதிக் காசை மிச்சம் பிடித்துத் தந்தது.

இரண்டாவது, நேர்கோட்டு வகையா வட்ட வகையா என்பது. வட்ட வகை என்றால் பில்டரின் உருவம் வட்டம் என்பதல்ல. இரண்டும் பார்க்க ஒரே மாதிரித்தான். டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி, வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தன்னூடாக விட்டு போகஸ் பார்க்கும் பகுதிக்கு அனுப்புகிறது. நேர்கோட்டு வகையூடாக வந்த வெளிச்சம் ஒரே திசையில் அதிருவதால் இந்தப் பங்கீடு குழம்பும். போகஸும் வெளிச்ச அளவும் பிழைக்கும். வட்ட வகையில் பொலரைசருக்குப் பின்னால் இன்னொரு படலம் ஒட்டி, வெளிச்சத்தைச் சுழல வைத்து அனுப்புவார்கள். கமரா குழம்பாது. சிபிஎல் என்று விளிம்பில் எழுதியிருப்பது இதைத்தான். புதிய மிரர்லெஸ் கமராக்களில் அந்தக் கண்ணாடி இல்லாததால் பெரும்பாலும் எதைப் போட்டாலும் சரிவரும்.

மூன்றாவது, எழுதியிருப்பதை நம்பலாமா என்பது. தம்பி சொல்லிவிட்ட இரண்டு சோதனைகளைக் கடையிலேயே செய்தோம். முதலாவது, கடையிலிருந்த எல்சிடி மொனிற்றரின் வெள்ளைத் திரையைப் பில்டரின் முன்பக்கம் பார்க்கும்படி பிடித்துச் சுழற்றுவது. எல்சிடி திரையில் இருந்து வருவதே முனைவான வெளிச்சம். நல்ல பில்டரென்றால் ஒரு கட்டத்தில் திரை கறுத்துவிடும். மிக மலிவானது கறுக்காமல் கடும் ஊதாவில் நின்றது. இரண்டாவது, முகம் பார்க்கும் கண்ணாடி. லென்ஸோடு பொருந்துகிற பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி பில்டரைப் பிடித்து, அதனூடாகவே கண்ணாடியில் அதன் விம்பத்தைப் பார்க்க வேண்டும். விம்பம் கறுத்திருந்தால், மறுபக்கம் திருப்பினால் கறுப்புப் போய்விட்டால், அது வட்ட வகை. நேர்கோட்டு வகை எந்தப் பக்கத்திலும் கறுக்காது. அண்ணை எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தானும் வாங்கிச் செய்து பார்த்தார்.

நாலாவது, ஒரு வெள்ளைத் தாளைப் பில்டருக்கூடாகப் பார்ப்பது. தாள் கொஞ்சம் இருண்டு சாம்பலாகத் தெரியலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியக்கூடாது. எங்கட வேலை கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும், பிறகு வேறு எதற்கும் பாவிக்க வேண்டுமே. வளையம் சிக்காமல், ஆனால் தொளதொளவென்றும் இல்லாமல் சுழல வேண்டும். கடைசியில் மூன்று விலைகளில் நடுவிலையை எடுத்தோம். மேல்விலைக்கு உள்ள பில்டரின் பூச்சுத் தண்ணீரும் கைரேகையும் ஒட்டாத பூச்சு. நல்லதுதான், எங்களுக்கு அவசியமில்லை.

கடையிலிருந்து நேரே பண்ணைக்குப் போனோம். பின்னேரம் நாலு மணி. பாலத்தடியில் நின்று பில்டரைச் சுழற்றினபோது கடலின் மேலிருந்த வெள்ளிப் பளபளப்பு மெல்ல மெல்லக் கழன்று போனது. கீழே சாதாளை அசைவது தெரிந்தது. களங்கட்டித் தடிகளின் அடி, தண்ணீருக்குள் மண்ணில் இறங்கியிருப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுழற்ற, திரும்பவும் வெள்ளித் தகடு. மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதில் படம் எடுக்கவே மறந்துவிட்டோம்.

வானத்தையும் பார்த்தோம், வாங்கினதுக்கு. சூரியனுக்கு நேர் பக்கமும் எதிர்ப் பக்கமும் ஒன்றும் மாறவில்லை. சுட்டுவிரலைச் சூரியனுக்கு நீட்டி, பெருவிரலைச் செங்குத்தாக விரித்துக் கையைச் சுழற்றினால் பெருவிரல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறதோ அங்கேதான் நீலம் கடுக்கும். லென்ஸை மிக அகலமாக வைத்தால் வானத்தின் நடுவில் மட்டும் ஒரு கரிய திட்டு விழுகிறது, அது வடிவில்லை. சித்திரை வருசப் பிறப்பை ஒட்டி எங்கள் ஊரில் மதியச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிற நாட்களில் பெருவிரல் தொடுவானத்தைச் சுற்றி வரும். அப்போது நாலு பக்கமும் ஒரே மாதிரிக் கடுக்க வேண்டும். அடுத்த சித்திரைக்குப் பார்க்க இருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு இணுவில். கமராவை ஸ்ராண்டில் ஏற்றி, படத்துக்கு நேரே நிறுத்தி, பில்டரைச் சுழற்றினோம்.

யன்னல் போகவில்லை.

திரும்பச் சுழற்றினோம். படம் முழுக்க இருண்டது, வெளுத்தது. யன்னல் கம்பி மட்டும் அசையவில்லை. பண்ணையில் அவ்வளவு வேலை செய்த சாமான் இங்கே சும்மா ஒரு கறுப்புக் கண்ணாடி மாதிரி நின்றது. 9,000 ரூபாய்! எங்களில் ஒருவன் வாய்விட்டே சொன்னான்: "சூனியத்துக்குக் காசு குடுத்திட்டம்."

கமராவைச் சுவரோரமாகக் கொண்டுபோய்ச் சரிவாகப் பார்த்தால் யன்னல் போனது. ஆனால் படம் ஒருபக்கம் பெருத்து ஒருபக்கம் சிறுத்து, மாமாவின் முகம் கோணலாக வந்தது. தம்பிக்குப் போன் எடுத்தோம். அவன் சிரித்தான். "கோணம் சொன்னனான் எல்லோ." சொன்னான்தான், நாங்கள்தான் அதைக் கதையாகக் கேட்டுவிட்டு விட்டுவிட்டோம். புறூஸ்ரரின் கோணம் கண்ணாடிக்கு ஏறக்குறைய 56 பாகை, தண்ணீருக்கு 53. மேற்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளப்பது. அந்தச் சரிவில் தெறிப்பதுதான் நன்றாக முனைவாகும். நேருக்கு நேர் பட்டு நேருக்கு நேர் திரும்புகிற வெளிச்சம் முனைவாகவே மாட்டாது. எந்த விலைப் பில்டரும் அதைத் தடுக்காது. பண்ணையில் நாங்கள் கடலைச் சரிவாகப் பார்த்தோம். இங்கே படத்தை நேராகப் பார்க்கிறோம்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். எடுத்த படங்களைப் பார்க்க ஒரு லப்டொப்பை மேசையில் திறந்து வைத்திருந்தோம். அதன் திரையும் சட்டத்துக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கட்டமாக விழுந்திருந்தது. போகட்டும் என்று கடைசியாக ஒருக்கா பில்டரைச் சுழற்றியவள் கத்தினாள்: "லப்டொப் மட்டும் போகுது!"

உண்மைதான். யன்னல் நின்றது, எங்கள் தலைகள் நின்றன, லப்டொப்பின் வெள்ளைக் கட்டம் மட்டும் கறுத்து இல்லாமல் போனது. கடையில் மொனிற்றரை வைத்துச் சோதித்தபோதே இது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரையின் வெளிச்சம் வரும்போதே ஒரு திசையில் அதிருகிற வெளிச்சம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போதும் அது பெரும்பாலும் அப்படியே திரும்புகிறது. பில்டர் அதை அடைத்துவிடும். ஆனால் கண்ணாடியைத் தாண்டிப் படத்தின் தாளில் பட்ட வெளிச்சம் தாளுக்குள் சிதறித் தன் திசையை இழந்துவிடும். அதில் ஒரு பங்கு பில்டருக்கூடாக வரும். அதாவது, அந்த அறையில் லப்டொப்பின் வெளிச்சம் மட்டும் இருந்தால், கமராவுக்குப் போவது படத்திலிருந்து வருகிற வெளிச்சம் மட்டும்தான். அரும்பொருளகங்களில் ஓவியங்களைப் படம் எடுக்கிறவர்கள் விளக்குகளுக்கு முன்னால் பொலரைசர் தாள் கட்டி இதைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

இருட்டும்வரை காத்திருந்தோம். அம்மம்மா தேத்தண்ணியும் ரொட்டியும் தந்தா. ஏழு மணிக்கு யன்னல் கதவெல்லாம் சாத்தி, லைற்றை அணைத்து, காற்றாடியையும் நிற்பாட்டினோம். காற்றுக்குச் சட்டம் ஆடும். இரண்டு லப்டொப்பில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தோம். படம் சுவரில் உயரத்தில் இருந்ததால் அவற்றைக் கையில் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருத்தி இடப்பக்கம், ஒருவன் வலப்பக்கம். மூன்றாவது ஆள் கமராவில்.

அதிலும் ஒரு வில்லங்கம். ஒரு லப்டொப் கறுக்கிற இடத்தில் மற்றது கறுக்கவில்லை. எல்லாத் திரையும் ஒரே திசையில் முனைவானதில்லை. ஒன்றை மூலை கீழே வருமாறு சரித்துப் பிடித்தபோதுதான் இரண்டும் ஒன்றாகக் கறுத்தன. போதாததுக்கு எங்கட பழைய கிட் லென்ஸின் முன்பகுதி போகஸ் பண்ணும்போது தானும் சேர்ந்து சுழலும். பில்டரும் அதோடு சுழன்று எல்லாம் பிழைக்கும். முதலில் போகஸ் பண்ணி, அதைக் கையால் மாற்றுகிற நிலைக்குப் போட்டுப் பூட்டி, அதற்குப் பிறகுதான் பில்டரைத் தொட வேண்டும். பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொலரைசர் சாதாரணமாகவே ஒன்றரை முதல் இரண்டு ஸ்ரொப் வெளிச்சத்தைத் தின்னும். லப்டொப் வெளிச்சமோ ஏற்கனவே கொஞ்சம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, எட்டுச் செக்கன். கை படாமல் இருக்க ரைமர் போட்டோம். எட்டுச் செக்கனும் இரண்டு பேர் மூச்சுப் பிடித்துக்கொண்டு லப்டொப்பைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, குசினி வாசலில் நின்ற அம்மம்மா இருட்டுக்குள் இருந்து கேட்டா:

"என்ன பிள்ளையள், படத்துக்கு ஆராத்தி எடுக்கிறியளோ?"

சிரிப்பில் இரண்டு படம் பழுதாகியது. பதினொன்றாவது படம் சரிவந்தது.

கமராவின் திரையில் பெருப்பித்துப் பார்த்தோம். யன்னல் இல்லை. வாழை இல்லை. நாங்கள் இல்லை. அவர் மட்டும் இருந்தார். சேட்டுக் கொலரின் நூல் தெரிந்தது. வகிடு எடுத்துச் சீவின தலைமயிரில் சீப்பின் தடம் தெரிந்தது. அதே அளவு தெளிவோடு, பூஞ்சணமும் தெரிந்தது. நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. தோளைத் தாண்டிக் கழுத்துவரை ஒரு மெல்லிய வலையாக வந்திருந்தது. இவ்வளவு நாளும் கண்ணாடியின் பளபளப்பு அதையும் சேர்த்து மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதைக் கணினியில் அழித்துவிடலாம் என்று எங்களில் ஒருவன் சொன்னான். கழுத்துத்தானே, முகமில்லையே என்றான். கூடாது என்றாள் சிநேகிதி. முகத்தில் நிற்பாட்டுவோம் என்று தொடங்கினால் எங்கே நிற்பாட்டுவது? வீடு வரும்வரை சண்டை. இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு ஒரு முடிவு: தொடாத கொப்பி ஒன்று எப்போதும் தனியாக இருக்கும். பிரதி போட்டுக் கொடுத்ததும் அந்தத் தொடாததைத்தான்.

பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் போய் இருந்தா. பூஞ்சணத்தைப் பற்றிக் கேட்பா என்று பயந்துகொண்டிருந்தோம். அவவின் விரல் போனது இடது புருவத்துக்கு. அங்கே, புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி, ஒரு சின்ன வெட்டு. நாங்கள் அதைக் கவனிக்கவேயில்லை. சுவரில் இருக்கும் படத்தில் அந்த இடத்தில்தான் எப்போதும் யன்னலின் வெளிச்சம் விழும்.

"பட்டம் விடுறன் எண்டு மதில்ல ஏறி விழுந்தவன். பொங்கலுக்கு முதல் நாள். மூண்டு இழை போட்டது. வாற வழியெல்லாம் பட்டம் போச்சு எண்டுதான் அழுதவன், இரத்தத்துக்கு அழேல்லை."

எங்கள் சிநேகிதி பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்குப் போய் வருகிறவள். மாமாவைப் பற்றி அம்மம்மா ஒரு வசனத்துக்கு மேல் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. நாங்கள் போனையும் எடுக்கவில்லை, ஒலிப்பதிவும் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தோம்.

போன கிழமை அழித்த செயலியின் படம் எங்களில் ஒருவனின் போனில் இன்னும் கிடந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அதில் இடது புருவம் முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. செயலிக்கு அந்த வெட்டு ஒரு பழுது. அது பழுதைத் திருத்திவிட்டது. அம்மம்மா எதைப் பார்த்து 'ஆற்ற பிள்ளை' என்று கேட்டா என்று அப்போதுதான் விளங்கியது.

பில்டர் வாங்க யோசிக்கிறவர்கள் எங்களிடம் கேட்டால் இப்போது ஒன்றைத்தான் சொல்லுவோம். சைஸும் வகையும் விலையும் கடையில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முதல், உங்கட படத்தில் வேண்டாத வெளிச்சம் எங்கிருந்து, எந்தக் கோணத்தில் வருகிறது என்று போய்ப் பாருங்கள். சரிவாக வந்தால் பில்டர் போதும். நேராக வந்தால் பில்டர் மட்டும் போதாது. நாங்கள் அதைப் பார்க்காமல் வாங்கி, பிறகு தற்செயலில் தப்பினவர்கள்.

அம்மம்மா பிரதிக்கும் சட்டம் போடச் சொன்னா. கண்ணாடி வேண்டாம், திரும்பவும் தெறிக்கும், லமினேற் பண்ணித் தாறம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

"கண்ணாடி போடாட்டித் தூசியெல்லோ பிடிக்கும்," என்றா.

போட்டுக் கொடுத்தோம். இப்போது அது அவவின் அறையில், கட்டிலுக்கு நேரே தொங்குகிறது. அங்கேயும் ஒரு யன்னல் இருக்கிறது.